விருப்ப மாறுதல்

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்
ஏதாவது ஓர் ஊரைச் சொல்லியாக வேண்டும்.
குன்னூரிலும் காலியிடம், கோத்தகிரியிலும் காலியிடம்.
“ரெண்டுமே மலைதானே சிஸ்டர்,
கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு போடுங்க”
என்றார் கூடலூர் ஆபீஸ் கிளார்க்.

கண்ணை மூடாமல்
பழைய காய்ச்சல் சார்ட்டின் பின்பக்கம்
நடுவில் ஒரு கோடு இழுத்தேன்.

குன்னூருக்கு ரயில் உண்டு.
ரயிலேறி நான் எங்கே போகப்போகிறேன்,
அடித்துவிட்டேன்.
அடித்ததற்கு மேலே
மகன் திரும்ப எழுதினான்: புகை விடும் ரயில்.

குன்னூரில் தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை.
அன்றைக்குப் பகல் டியூட்டி விழுந்தால் போச்சு.
கோத்தகிரியில் அந்தக் கவலையே இல்லை என்றாள் ஒருத்தி.
அவள் வீட்டில் கிணறு இருக்கிறது.

ஐப்பசியில் இரண்டு சாலையிலும் மண் சரியும்,
தேதிதான் வேறு வேறு.
ஈரத்துணி இரண்டு ஊரிலும் காயாது.

குன்னூரில் தெருவுக்குக் காட்டெருமை வரும்.
ஒதுங்கி நின்றால் அது பாட்டுக்குப் போய்விடும்.
கோத்தகிரியில் கரடி.
அதற்கு அடுக்களை எந்தப் பக்கம் என்று தெரியும்,
எண்ணெய் டின்னை எப்படித் திறப்பது என்றும்.

சனிக்கிழமை வீடு பார்க்கப் போனோம்.

எஸ்தர் சுகுணாவதி டீச்சரின் மாடி,
பெட்ஃபோர்டுக்குக் கீழே எண்பத்து நான்கு படி.
சுவரில் ஓர் ஈரத்திட்டு இல்லை.
ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு,
அதன் காலடியில் மார்க்கெட்டின் தகரக்கூரைகள்.
பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்.
டீச்சர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
“செருப்பை வெளியே விடுவீங்கதானே?”
பஸ்ஸில் உட்கார்ந்து மார்க் போட்டேன்.
குன்னூர் பதினொன்று, கோத்தகிரி ஏழு.
இனிமேல் அங்கே போவதே
பஸ் டிக்கெட் எடுத்துவிட்ட குற்றத்துக்குத்தான்.

கட்டபெட்டில் மகன் வாந்தி எடுத்தான்.
அதை யார் கணக்கில் எழுதுவது?

கோத்தகிரி வீடு
பெரிய கடைவீதிக்குப் பின்னால், முட்டைகோஸ் தோட்டத்தை ஒட்டி.
வடக்குச் சுவரில் ஈரம்
யாரும் போகாத நாடு ஒன்றின் வரைபடம் மாதிரி.
வீட்டுக்காரர் பெள்ளிராஜ்
சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்,
“சார் எங்கே வேலை பாக்கறார்?”
“தெரியலைங்க” என்றேன்.
பொய் இல்லை. மூன்று வருஷமாகத் தெரியாது.
அவர் சாவியைப் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்தார்.
பிறகு, குழாயில் வேகம் குறைவு என்றார்.

உள்ளே விளக்கு எரிந்தது.
அணைந்தது. எரிந்தது.
பாத்ரூமில் என் மகன்,
இடுப்புயரத்தில் இருந்த சுவிட்சைத்
தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எல்லா அறையிலும் அதே உயரம்.

“முன்னாடி இருந்த அம்மா சக்கர நாற்காலிங்க.
பெயின்ட் அடிக்கறப்ப மேல ஏத்திக் குடுத்துடறேன்.”

“வேண்டாம்” என்றேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதத்தில் பத்து இரவு
நான் யார் யாருக்கோ டிரிப் மாற்றிக்கொண்டிருப்பேன்.
பக்கத்து வீட்டில் ஒரு சாவி, போனில் ஒரு நம்பர்,
நடுவே ஏழு வயதில் அவன்.
கூடலூரில் விளக்குப் போட ஸ்டூல் வேண்டும்.
ஸ்டூலைத் தேட விளக்கு வேண்டும்.
விடிந்து நான் போகும்போது
சில நாள் பாய் நனைந்திருக்கும்.
அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

படிவத்தில் காரணம் எழுத
இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம்.
சொந்தக் காரணம் என்று எழுதினேன்.
கிளார்க் படித்துவிட்டு
“கோத்தகிரியா? குன்னூர்ல ரயில் இருக்கே” என்றார்.

அதைத்தான் அவனும் கேட்டான்.
இருபத்திரண்டு கிலோமீட்டர்தானே,
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம்,
எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போகலாம்
என்றிருக்கிறேன்.

எண்ணெய் டின்னை எங்கே வைப்பது
என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.